வெளிநாட்டினருக்கு ஆங்கிலம் கற்பிக்கக் கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அக்கா, 1,200 ரூபாய்க்கு 120 மணி நேர டெஃப்ல் சர்டிஃபிகேட் தர்றாங்க. சேர்ந்துடட்டுமா?" அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டான். எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவன். ஜப்பான், பிரேசில் மாணவர்களுக்கு ஆன்லைனில் பாடம் எடுக்க ஆசை.

"அந்த 120 மணி நேரத்துல நீ பாடம் நடத்துறதை யாராவது உட்கார்ந்து பார்ப்பாங்களா தம்பி?"

"இல்லக்கா. எல்லாம் வீடியோதான். கடைசியில டிக் அடிக்கிற டெஸ்ட்."

அப்படியென்றால் வேண்டாம் என்றேன். சேலத்தில் இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகள் பலர் முதலில் சறுக்குவது இங்கேதான். டெஃப்ல், டெசால் என்பவை, பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் துறையின் பெயர்கள். பி.எட். போல ஒரு குறிப்பிட்ட படிப்பின் பெயர்கள் அல்ல. பி.எட்.டுக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் வேண்டும். டெஃப்லுக்கு உலகம் முழுவதற்குமான அப்படிப்பட்ட ஒரே அமைப்பு கிடையாது. யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடித்துத் தரலாம். 'அங்கீகாரம் பெற்றது' என்ற முத்திரையைப் பார்த்தால், அங்கீகரித்தது யார் என்று கேளுங்கள்.

இந்தத் துறையின் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்களில் கேம்பிரிட்ஜின் செல்டா, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட்டெசால் இரண்டுக்கும் மதிப்பு வந்த காரணம் எளிது. இரண்டிலும் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் 6 மணி நேரம் நீங்கள் பாடம் நடத்த வேண்டும்; பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். செல்டாவில் அதற்கு மேல் அனுபவசாலிகளின் வகுப்புகளை 6 மணி நேரம் கவனிக்க வேண்டும், 4 கட்டுரைகள் எழுத வேண்டும். இரண்டுமே, இங்கிலாந்தில் தகுதிச் சான்றிதழ்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஆஃப்குவாலின் பதிவேட்டில் 5-ஆம் நிலைத் தகுதிகள். அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஆனால் 'நிலை 5' என்ற எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். மாணவர்களுக்குப் பாடம் நடத்திப் பழகும் பயிற்சியே இல்லாத படிப்புகளும் அதே நிலையில் இருக்கின்றன. செல்டாவை இப்போது முழுக்க ஆன்லைனிலேயே படிக்கலாம் என்பதால் சேலத்தை விட்டுப் போக வேண்டிய அவசியமும் இல்லை. கட்டணம் அதிகம்தான். கடன் வாங்கிச் சேரச் சொல்ல மாட்டேன். அதற்காக 1,200 ரூபாயை வீணாக்கவும் சொல்ல மாட்டேன்.

இன்னொருவர் பார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம்? என் முதல் பயிற்சி வகுப்பில் 'ஐ யூஸ்ட் டு லிவ் இன் சேலம்' (முன்பு சேலத்தில் வசித்தேன், இப்போது இல்லை) என்ற வாக்கியத்தை விளக்கிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மகிழ்ச்சியோடு அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். வகுப்பு முடிந்ததும் பயிற்றுநர் அவர்களிடம், "இப்படிச் சொல்பவர் இப்போது சேலத்தில் இருக்கிறாரா?" என்று கேட்டார். பாதிப் பேர் ஆமாம் என்றார்கள். புரிந்ததா என்று கேட்டால் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். பொருளைத் தொட்டுக் கேட்டால்தான் உண்மை வரும். எத்தனை வீடியோ பார்த்திருந்தாலும் என் தவறு எனக்குத் தெரிந்திருக்காது.

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் நல்ல பேண்ட் (மதிப்பெண்) இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் ஆங்கிலத்தை அளக்கிறது, கற்பிக்கும் திறனை அல்ல. எம்.ஏ. இலக்கியத்துக்கும் இதே பதில்தான்.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொரு தவறு. தமிழைத் தாய்மொழி என்று சொல்லக் கூசி, தன்விவரத்தில் 'நேட்டிவ்', அதாவது ஆங்கிலமே தாய்மொழி, என்று போட்டுக்கொள்கிறார்கள். வராத உச்சரிப்பை வலிந்து வரவழைக்கிறார்கள். அது பொய், என்றாவது வெளிப்படும். அந்தப் பொய்க்குத் தேவையும் இல்லை. ஜப்பானியம், கொரியம், ரஷ்யம் மூன்றிலும் ஆங்கிலத்தின் 'எ', 'தி' (a, the) போன்ற சொற்கள் கிடையாது. தமிழிலும் 'தி'க்கு ஈடான சொல் இல்லை. அதை எங்கே போடுவது, எங்கே விடுவது என்று ஒவ்வொரு படியாகத் தடுமாறிக் கற்றவர்கள் நாம். நம் பாட்டிமார் 'இஸ்கூல்' என்பார்கள். ஸ்பானியர் 'எஸ்கூல்' என்பார். சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்' ஒலியை அடுத்து இன்னொரு மெய் வருவது இரண்டு மொழிக்கும் இயல்பல்ல. மாணவர் எங்கே இடறுவார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும், அந்த வழியில் நாமே நடந்து வந்திருப்பதால். இந்தத் துறை ஆசிரியர்களின் அமைப்பான டெசால் சர்வதேச சங்கமே 2006-இல், தாய்மொழியை வைத்து ஆசிரியர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்று நிலைப்பாடு அறிவித்தது. 'தமிழ் தாய்மொழி, ஆங்கிலம் கற்றுத் தேர்ந்தது' என்று நிமிர்ந்து எழுதுங்கள்.

வெளிநாட்டுக்கே போக நினைப்பவர்கள் அந்த நாட்டு விதியைத் தூதரகத் தளத்தில் படித்துவிட்டுத்தான் ஏஜென்டிடம் பணம் கொடுக்க வேண்டும். தென்கொரியாவில் பயிற்சி மையங்களுக்கான ஆங்கில ஆசிரியர் விசா பெரும்பாலும் 7 நாட்டவருக்கு மட்டுமே. இந்தச் சான்றிதழ் இருந்தால் வேலை உறுதி என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏஜென்ட், வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்த ஒருபோதும் இணங்காதீர்கள். ஆன்லைன் வேலையும் நிரந்தரமில்லை. வெளிநாட்டிலிருந்து தன் நாட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதை 2021 ஜூலையில் சீனா தடுத்தபோது ஏராளமானோர் வேலை இழந்தார்கள். ஒரே நாட்டை நம்பி இருக்காதீர்கள்.

வேலை கிடைத்த பின் செய்யும் பிழை ஒன்றும் உண்டு. மாணவக் குழந்தை பேசும் வீடியோவைப் பெற்றோரைக் கேட்காமல் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடுவது. நல்ல விளம்பரம் என்று நினைத்துச் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

அந்தத் தம்பி 1,200 ரூபாயைக் கட்டவில்லை. செல்டாவுக்குப் பணம் சேரும்வரை என் ஞாயிறு வகுப்பில் பாடம் நடத்திப் பழகட்டும் என்று கூப்பிட்டேன். போன வாரம் வந்தான். நான் கடைசி பெஞ்சில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். மாணவர்கள் பேசிப் பழக வேண்டிய 30 நிமிடத்தில் 24 நிமிடம் அவனே பேசினான். அதைக் குறித்த தாளை நீட்டியதும் அவன் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த ஞாயிறும் வரட்டுமாக்கா?" என்றான்.