அடைக்கோழி வைத்துக் குஞ்சு பொரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடை வைத்த முட்டைகள் கூமுட்டையாவதற்கும் பொரித்த குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சாவதற்கும் பலரும் கோழியைத்தான் குறை சொல்கிறார்கள். கூர்ந்து பார்த்தால், கோழிக்கு உரிய வேலையில் வளர்ப்பவர் தலையிட்டதோ, தமக்கு உரிய வேலையைக் கோழியின் தலையில் கட்டியதோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். சூடு கொடுப்பதும், முட்டைகளைப் புரட்டுவதும், குஞ்சுகளைக் கூப்பிட்டு இரை காட்டுவதும் கோழிக்குத் தெரியும். நல்ல முட்டையைத் தேர்ந்தெடுப்பதும், பேனை ஒழிப்பதும், எலி நுழையாமல் அடைப்பதும் அதனால் முடியாதவை.

முதல் தவறு அவசரம். முட்டையிட்ட பிறகு கூட்டில் சற்றுக் கூடுதல் நேரம் உட்கார்ந்திருந்தாலே அடைக்கு வந்துவிட்டது என்று முடிவு செய்து, அன்றே முட்டைகளை வைத்துவிடுவார்கள்; மூன்றாம் நாள் கோழி எழுந்து போய்விடும். உண்மையில் அடைக்கு வந்த கோழி இரவிலும் கூட்டை விட்டு நகராது. உடலைத் தட்டையாகப் பரப்பிக்கொள்ளும். கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வரும். நெஞ்சுப் பகுதியில் இறகு உதிர்ந்து தோல் வெளியே தெரியும். வேண்டாத முட்டை ஒன்றிரண்டை அடியில் வைத்து, இரண்டு மூன்று இரவுகள் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே நல்ல முட்டைகளை வைப்பது பாதுகாப்பானது.

மற்ற கோழிகள் முட்டையிடும் கூட்டிலேயே அடையையும் விட்டுவிடுவது அடுத்த தவறு. நாள்தோறும் புது முட்டைகள் வந்து சேர்வதால் ஒவ்வொன்றின் வளர்ச்சியும் வெவ்வேறு கட்டத்தில் நிற்கும். கோழி முட்டைக்கு 21 நாட்கள் தேவை. முதலில் பொரித்த குஞ்சுகளை அழைத்துக்கொண்டு தாய் இறங்கிவிட்டால், எஞ்சிய முட்டைகளுக்குள் உயிருடன் இருக்கும் கரு சூடின்றி இறந்துவிடும். எனவே எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் வைத்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டால், பின்னால் சேர்ந்ததை உடனே எடுத்துவிடலாம். அடைக்கோழியைத் தனி இடத்துக்கு மாற்றுவதாக இருந்தால், இருட்டிய பிறகு மெதுவாகத் தூக்கி மாற்ற வேண்டும். பகலில் மாற்றினால் பழைய கூட்டையே தேடிப் போகும்.

முட்டைத் தேர்வில் செய்யும் பிழையைப் பிறகு திருத்த முடியாது. சேவல் சேராத கோழியின் முட்டை எத்தனை நாள் அடைகாத்தாலும் பொரிக்காது. சேர்ந்த முட்டையாக இருந்தாலும், இட்டு 7 நாட்களுக்கு மேல் ஆக ஆகப் பொரிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். ஃப்ரிட்ஜில் வைத்த முட்டையும், வெயில் படும் இடத்தில் கிடந்த முட்டையும் இதற்கு உதவா. குளுமையான, நிழலான இடத்தில் கூர்முனை கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். அழுக்காக இருக்கிறதே என்று கழுவுவதும் கெடுதலே: ஓட்டின் நுண்துளைகளை மூடியிருக்கும் மெல்லிய இயற்கைப் பூச்சு போய்விட்டால் கிருமிகள் உள்ளே புகுந்துவிடும். எண்ணிக்கையில் ஆசை வேண்டாம். நடுத்தர உடலுள்ள கோழி 8 முதல் 12 முட்டைகள் வரை நன்றாக மூடிக்கொள்ளும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்தில் உள்ளவை குளிர்ந்துபோகும். கோழி அவற்றை உள்ளுக்கும் வெளிக்குமாக மாற்றிக்கொண்டே இருப்பதால், குளிர்ச்சி மாறி மாறி எல்லா முட்டைகளையும் தாக்கும்.

பேனும் உண்ணியும் எல்லோரும் அலட்சியப்படுத்துபவை. அடையில் இருக்கும் கோழி மண்ணில் புரள்வது குறைந்துவிடுவதால், ஒட்டுண்ணிகளுக்கு அது வசதியான இடமாகிவிடுகிறது. சிவப்பு உண்ணிகள் பகலில் கூட்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும். தொல்லை தாங்காத கோழி அடையையே கைவிட்டுவிடும். தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாலும், பொரித்த குஞ்சுகள் இரத்தசோகையால் சாகலாம். ஆகவே முட்டை வைப்பதற்கு முன்பே கோழியின் இறக்கையடியையும் ஆசனவாய்ப் பகுதியையும் விலக்கிப் பார்த்து, தேவையானால் மருந்திட்டு, கூட்டில் புது வைக்கோலைப் போட வேண்டும்.

கோழி நாளுக்கு ஒரு முறை, கால் மணி முதல் அரை மணி நேரம் வரை இறங்கி இரை தின்று, பெரிதாக ஒரு எச்சமிட்டுத் திரும்பும். முட்டை ஆறிவிடுமே என்று பயந்து அதைப் பிடித்துத் திரும்ப உட்கார வைப்பவர்கள் உண்டு. அந்தச் சிறு குளிர்ச்சியால் கருவுக்குத் தீங்கு இல்லை. மாறாக, இறங்கவே வழியில்லாமல் அடைத்து வைத்தால் கூட்டுக்குள்ளேயே எச்சமிட்டு முட்டைகளைக் கெடுக்கும். ஏழாம் நாள் இரவில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்தால், வளரும் கருவைச் சுற்றி இரத்த நாளங்கள் சிலந்தி வலை போலப் படர்ந்திருப்பது தெரியும். ஒன்றுமே தெரியாதவற்றை நீக்கிவிடலாம். அழுகிய முட்டை அடியிலேயே வெடித்தால் மற்றவற்றையும் நாசமாக்கும். 18ஆம் நாளுக்குப் பிறகு முட்டைகளைத் தொடவே கூடாது.

நல்ல எண்ணத்தோடு செய்து கெடுப்பது பொரிக்கும் நாளில்தான். ஓட்டில் ஒரு சிறு கீறல் விழுந்து, உள்ளிருந்து கீச்சென்ற குரல் கேட்டு, அதன்பின் பல மணி நேரம் ஒன்றுமே நடக்காதபோது, பொறுமையிழந்து ஓட்டை உரித்துவிடத் தோன்றும். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இல்லை. நுரையீரலால் மூச்சுவிடப் பழகிக்கொண்டு, ஓட்டின் உட்சவ்வில் ஓடும் இரத்தத்தையும், மிச்சமுள்ள மஞ்சள் கருவையும் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. அது முடியும் முன் உரித்தால் சவ்வு கிழிந்து இரத்தம் கசியும். மஞ்சள் கரு வெளியே தொங்கும் குஞ்சு பிழைப்பது அரிது. முதல் கீறலிலிருந்து முழுதாக வெளிவர 24 மணி நேரம் வரை ஆகலாம். எத்தனை பொரித்தன என்று பார்க்கக் கோழியை அடிக்கடி தூக்குவதும் வேண்டாம். அடியிலுள்ள ஈரமான சூடு கலைந்தால் சவ்வு உலர்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். உறிஞ்சிய மஞ்சள் கருவே முதல் இரண்டு நாட்களுக்கு உணவாக இருப்பதால், முதலில் வந்த குஞ்சுகள் பசியால் வாடும் என்று அவற்றைத் தனியே எடுக்கத் தேவையில்லை.

பொரித்த பிறகு வேலை நம் பக்கம் திரும்புகிறது. ஆழமான தண்ணீர்ச் சட்டியில் குஞ்சு விழுந்து மூழ்கிவிடும். தட்டையான தட்டில் கூழாங்கற்களைப் பரப்பித் தண்ணீர் வைக்க வேண்டும். முட்டையிடும் கோழிக்கான தீவனத்தைத் தாயும் குஞ்சும் சேர்ந்து தின்னட்டும் என்று விடுவது, உடனே வெளியில் தெரியாத தீங்கு: அதிலுள்ள மிகுதியான கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுத் தீவனத்தையே இரண்டுக்கும் வைக்கலாம். தாய் அப்போது முட்டையிடுவதில்லை என்பதால் அதற்குக் குறையொன்றும் வராது. தரையில் வழுக்கும் செய்தித்தாளை விரித்தால் குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்து ஊனமாகிவிடும்.

ஈரமான தரையில் இரத்தக் கழிச்சல் நோயின் கிருமி ஓரிரு நாட்களில் முதிர்ந்து தொற்றும் நிலைக்கு வரும். மூன்றாம் வாரத்திலிருந்து இந்நோயின் ஆபத்து அதிகம் என்பதால், தண்ணீர் சிந்திய இடத்தை அன்றன்றே உலர்த்த வேண்டும். தாயோடு திரியும் குஞ்சுக்குத் தடுப்பு மருந்து தேவையில்லை என்பதும் தவறான நம்பிக்கை. தாய் முட்டை வழியாகத் தரும் எதிர்ப்பாற்றல், தாயிடம் அது இருந்தால் மட்டுமே கிடைக்கும்; கிடைத்தாலும் சில வாரங்களில் தேய்ந்துவிடும். வெள்ளைக்கழிச்சல் என்னும் கொடிய தொற்றுநோய்க்கான தடுப்பு மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் கொடுக்க வேண்டும். தண்ணீரில் கலந்து தருவதானால் குளோரின் கலந்த நீர் கூடாது, அது மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

காகத்தையும் பருந்தையும் தாய் எதிர்த்து நிற்கும். இரவில் அடியிலிருந்தே குஞ்சை இழுத்துச் செல்லும் எலியிடம் அதன் வீரம் செல்லாது. விரல் நுழையும் துளைகூட இல்லாத வலை வேண்டும். வேறிடத்திலிருந்து வாங்கிய குஞ்சுகளைச் சேர்ப்பதானால், பொரித்த ஓரிரு நாட்களுக்குள், இருட்டில், தாயின் அடியில் நழுவ விட வேண்டும். நாட்கள் கடந்தால் தாய் அவற்றைக் கொத்தி விரட்டும். குஞ்சுகளும் அதன் குரலுக்குச் செவிகொடுக்கா.

சீக்கிரம் முட்டைக்கு வரட்டும் என்று மூன்றாம் வாரமே தாயைப் பிரிப்பது குஞ்சுகளைக் குளிரில் தள்ளுவதாகும். முழு இறகு முளைக்க ஐந்தாறு வாரங்கள் ஆகும். அதையொட்டித் தாயே குஞ்சுகளைக் கொத்தி விலக்கத் தொடங்கும். பிரித்த குஞ்சுகளை உடனே பெரிய கோழிகளுக்கு நடுவே விடாமல், கம்பி வலைக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஓரிரு வாரங்கள் வைத்து, பிறகு கூட்டமாகச் சேர்த்து விட வேண்டும்.