ஊருக்குப் போறீங்களா? போனை வச்சு நிலம் அளந்துறாதீங்க

நீலகிரிக்கு கார்ல ஏறினா இ-பாஸ் வேணும், 2024 மே மாசத்துல இருந்து இந்த ரூல், இந்திய போன் நம்பர் இல்லாதவங்க ஈமெயில் குடுத்தே எடுத்துக்கலாம். பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் வேண்டாம், செக்போஸ்ட்ல புடுங்கிருவாங்க. மத்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வந்தது வேற.

கோத்தகிரிப் பக்கம் அப்பா விட்டுட்டுப் போன தேயிலை 14 சென்ட் இருக்கு. டொராண்டோல இருந்து போய் இறங்குன ராத்திரி, போன் கேமராவைக் காட்டினா நீள அகலம் சொல்ற ஏஆர் ஆப்ல சித்தப்பா வீட்டுக் கட்டிலை அளந்து காட்டி பீத்திக்கிட்டேன், அதுதான் வினை. விடிஞ்சதும் டீயைக் கையில குடுத்துட்டு, "ஏங்கண்ணு, கீழ்க்காட்டுக்காரன் வேலியை நகத்திட்டான், உன் போன்ல அளந்து அவன் மூஞ்சிக்கு நேரா காட்டிரலாம் வா"ன்னாரு.

கட்டில் வேற, காடு வேறங்க. போனுக்குள்ள டேப்பு ஒண்ணும் இல்ல, கேமரால தெரியுற சின்னச் சின்ன புள்ளிகளைப் புடிச்சு, நம்ம கை எவ்ளோ நகருதுன்னு சென்சார்ல பாத்து கணக்கு போடுது. பனி மூடி, எங்க பாத்தாலும் ஒரே பச்சைன்னா அது எதைப் புடிக்கும்? தூரம் போகப் போக பிசகும். ஒரே பக்கத்தை மூணு தடவ அளந்தேன், 61 அடி, 54 அடி, 67 அடி. சித்தப்பா 67ஐப் புடிச்சுக்கிட்டாரு. அதுவும் சரிவுல அளந்தது, சர்வே படம் போடுறதோ படுக்கை மட்டத்துல, 20 டிகிரி சரிவுல 67 அடின்னா படத்துல 63தான் வரும். இதை நான் வெளக்கி முடிக்கறதுக்குள்ள கீழ்க்காட்டுக்காரரு, "கல்லையே நகத்திட்டு இப்ப போனைக் காட்டுறீங்களா"ன்னு கத்த ஆரம்பிச்சுட்டாரு.

சரி, சர்வேயரையே கூப்பிடலாம்னு தாலுகா ஆபீஸ் போனோம். பட்டா யார் பேர்லன்னாங்க. அப்பா பேர்ல. அப்பா எங்கன்னாங்க. ஆறு வருசமாச்சுங்க. வாரிசு சான்றிதழ் எங்க, தங்கச்சி கையெழுத்து எங்க, வி.ஏ.ஓ.வைப் பாருங்க, அவர் லீவு, நாளைக்கு வாங்க, செராக்ஸ்ல சீல் தெரியல. மூணு நாள் இதுலயே போச்சு, பெஞ்சுல உக்காந்து சித்தப்பாவோட கால் வீக்கத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அதனால இங்கிருந்தே பட்டாவையும் எஃப்எம்பின்னு சொல்ற நில அளவுப் படத்தையும் அரசாங்க இ-சர்வீஸ் சைட்ல எடுத்துப் பாருங்க, பேர் யாரோடதுன்னு முதல்ல பாருங்க. நான் பாக்கல. ஆறு வருசமா பாக்கல.

ஏஆர் ஆப்பே வேணாம்னு சொல்லல. மலைப் பேர் காட்டுற ஆப்பை வைஃபைல டேட்டாவோட இறக்கிக்கிட்டு போங்க, மேல சிக்னல் வந்து வந்து போகும், காந்த கவர் இருந்தா கழட்டிருங்க, திசைகாட்டி பிசகும். தொட்டபெட்டா 2637 மீட்டர்னு அழகா காட்டுச்சு. பக்கத்து மலைகளோட பேரெல்லாம் அப்பா கைய நீட்டி சொல்லிக் குடுத்ததுதான், எனக்கு ஆப் சொல்ல வேண்டியிருந்துச்சு.

கெளம்புற அன்னைக்கு சித்தப்பா தேயிலைச் செடிக்கு அடியில கொடுவாளால பாசியைச் சுரண்டி சர்வே கல்லைக் காட்டினாரு. "உங்கப்பன் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பான்"னாரு. இப்ப வாரம் தவறாம வாட்ஸ்அப்ல கேக்கறாரு, கையெழுத்து போட எப்ப வர்றேன்னு.