கலிபோர்னியாவில் கடை போடுகிறீர்களா? கொடுத்த அட்வான்ஸைக் கடைசிச் சம்பளத்தில் கழிக்காதீர்கள்

ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கம் டிபன் கடை திறக்கப் போகிறேன் என்று இந்த வருஷம் மூன்று பேர் என்னிடம் யோசனை கேட்டார்கள். வாடகை, கிரைண்டர், லைசென்ஸ் என்று எல்லாம் கேட்டார்கள். ஆள் வைப்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. என் நண்பனும் கேட்கவில்லை. அவனுக்கு 6,160 டாலர் போனது.

முதலில் அலுவலக வேலைகள். வருமான வரித் துறையில் கடைக்கு ஒரு எண் வாங்குங்கள். ஒரு காலாண்டில் 100 டாலருக்கு மேல் சம்பளம் கொடுத்தால் 15 நாளுக்குள் மாநிலத்தின் வேலைவாய்ப்புத் துறையான இடிடி (EDD) அலுவலகத்தில் பதிய வேண்டும். ஒரே ஒரு ஆள் என்றாலும் தொழிலாளர் காப்பீடு கட்டாயம். குறைந்தபட்சக் கூலி 2026-இல் மணிக்கு 16.90 டாலர், பல ஊர்களில் அதைவிட அதிகம். டிப்ஸ் வருகிறதே என்று கூலியைக் குறைக்க முடியாது. ஒரு நாளில் 8 மணி நேரம் தாண்டினால் ஒன்றரை மடங்கு. ஐந்தாவது மணி முடிவதற்குள் அரை மணி சாப்பாட்டு இடைவேளை விட்டு, அதை எழுதியும் வையுங்கள். 2024 முதல் சம்பளத்தோடு வருஷத்துக்கு 40 மணி நேரம் நோய் விடுப்பு உண்டு. இதெல்லாம் கணக்கர் சொல்லிவிடுவார். நண்பனின் கணக்கரும் சொன்னார்.

அவர் சொல்லாதது அட்வான்ஸ் விஷயம்.

விருதுநகரில் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். தீபாவளிக்குக் கடை ஆட்கள் முன்பணம் வாங்குவார்கள். அப்பா நீள நோட்டில் எழுதி மாதாமாதம் கழிப்பார். நடுவில் யாராவது நின்றுவிட்டால் பாக்கியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுப்பார். அதில் யாருக்கும் மனக்குறை இருந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த நோட்டின் மஞ்சள்தூள் வாசனை இப்போதும் மூக்கில் நிற்கிறது. நண்பனும் அப்படிப்பட்ட கடையில் வளர்ந்தவன்தான்.

அவனிடம் தோசை மாஸ்டராக ஒருவர் வந்தார். மணிக்கு 22 டாலர். வீட்டு டெபாசிட்டுக்கு என்று 1,000 டாலர் கேட்டார்; கொடுத்தான். மூன்றே மாதத்தில், ஒரு சனிக்கிழமை இரவு, நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நாள் சம்பளம் 880 டாலர் பாக்கி. "அட்வான்ஸில் சரியாகப் போச்சு, மேலே வரவேண்டிய 120-ஐயும் விட்டுவிட்டேன்" என்றான். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகவே நம்பினான். நானும் தலையாட்டினேன்.

இங்கே அப்படிச் செய்யக் கூடாது. நீங்கள் ஒருவரை நிறுத்தினால், பாக்கிச் சம்பளம் முழுவதும் அந்த நிமிஷமே கொடுத்தாக வேண்டும். சேர்ந்திருக்கும் சம்பள விடுமுறைக்கான பணமும் அதில் அடக்கம். முன்கூட்டிச் சொல்லாமல் அவராகவே நின்றால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் சம்பளம் அபராதமாக ஏறும், 30 நாள் வரை. சனி, ஞாயிறும் கணக்கில் வரும். அட்வான்ஸ் பாக்கியைக் கடைசிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்க, அவரே முன்பு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும், அனுமதி இல்லை. வேலையில் இருக்கும்போது எழுத்துச் சம்மதத்தோடு தவணையாகக் கழிப்பது வேறு.

இரண்டு மாதம் கழித்து லேபர் கமிஷனர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு நாளுக்கு 176 டாலர், 30 நாளுக்கு 5,280. அதோடு பாக்கி 880. சட்டம் தெரியாது என்றோம், எடுபடவில்லை. அட்வான்ஸ் நிஜமான கடன்தானே என்று கேட்டேன். நிஜம்தான், அதற்குச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் தனியாகப் போடுங்கள் என்றார்கள்.

ஆத்திரத்தில் நண்பன், "அவன் விசா விவரம் எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன். புகார் கொடுத்தவரைக் குடியேற்ற நிலையைச் சொல்லி மிரட்டுவது இந்த மாநிலத்தில் தனிக் குற்றம். சட்டம் கிடக்கட்டும், பிழைக்க வந்த நம் ஊர்க்காரரிடம் பேசுகிற பேச்சா அது? "நம்ம ஆள், புகார் கொடுக்கமாட்டான்" என்று வாட்ஸப் குழுக்களில் இன்னும் தைரியம் சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. உழைத்த ஐந்து நாள் கூலியைத்தான் அவர் கேட்டார்.

அப்புறம், பாண்ட். "இரண்டு வருஷத்துக்குள் விட்டால் பயிற்சிச் செலவைக் கட்டவேண்டும்" என்று சென்னைக் கம்பெனிகளில் கையெழுத்து வாங்குவார்களே, அது. ஏபி 692 என்ற புதுச் சட்டப்படி, 2026 ஜனவரி 1 முதல் போடும் ஒப்பந்தங்களில் அந்த மாதிரி நிபந்தனை, சில விதிவிலக்குகள் தவிர, செல்லாது. செல்லாததோடு முடியாது, வழக்குப் போட்டால் ஆளுக்குக் குறைந்தது 5,000 டாலர் கொடுக்க நேரிடும். ஊரிலிருந்து மாஸ்டரை வரவழைத்து, டிக்கெட் செலவுக்கு எழுதி வாங்கலாம் என்று நினைத்திருந்தால் இப்போதே வக்கீலைப் பாருங்கள்.

நண்பன் இப்போது செக் புத்தகத்தைக் கல்லாவிலேயே வைத்திருக்கிறான். யாரையாவது நிறுத்துவதானால் அன்றைய மணி வரை கணக்குப் போட்டு, செக்கை எழுதி முடித்த பிறகுதான் உள்ளே கூப்பிடுகிறான்.