ஒரு வசதியின் கோட் எங்கே இருக்கிறது? நிரலை ஓடவிட்டுக் கண்டுபிடிக்கும் முறை

வேறு யாரோ எழுதிய குறிப்பேட்டுச் செயலி ஒன்று உங்கள் பொறுப்பில் வந்திருக்கிறது. பிடிஎஃப்-ஆக ஏற்றுமதி செய்தால் பக்க எண் வருவதில்லை. எந்தக் கோப்பில் போய்த் திருத்துவது? ‘பிடிஎஃப்’ என்று தேடினால் எக்கச்சக்கமான இடங்கள் வந்து நிற்கும். எழுதியவர் வேறு பெயர் வைத்திருந்தால் ஒன்றுமே வராது. நிரலை ஓடவிட்டுப் பார்த்துவிடுவது நல்லது: அந்த வசதியோடு ஒருமுறை, அது இல்லாமல் ஒருமுறை ஓட்டி, முதலாவதில் மட்டும் ஓடிய கோடு வரிகளைத் தேடுவதுதான் முறை.

படி 1: இரண்டு ஓட்டங்கள்

முதல் ஓட்டத்தில் ஒரு குறிப்பைத் திறந்து, பிடிஎஃப்-ஆக ஏற்றுமதி செய்து மூடுங்கள். இரண்டாவதில் அதே குறிப்பைச் சாதாரண உரைக் கோப்பாகச் சேமித்து மூடுங்கள். சும்மா திறந்து மூடினால் போதாதா? போதாது. மெனு, கோப்புப் பெயர் கேட்கும் பெட்டி, வட்டில் எழுதுவது எல்லாம் முதல் ஓட்டத்துக்கு மட்டும் உரியவைபோலத் தெரியும். இரண்டும் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவுக்கு விடை சுருங்கும். நான் அதிக நேரம் செலவிடுவது இந்தப் படியில்தான்.

படி 2: பதிவு

ஒவ்வொரு ஓட்டத்திலும் எந்தெந்தக் கோட் ஓடியது என்று கருவியைக் கொண்டு பதிவு செய்யுங்கள்: பைத்தானில் கவரேஜ்.பை, ஜாவாவில் ஜாகோகோ. ஜாகோகோ வழக்கமாகப் பழைய பதிவோடு புதியதையும் சேர்த்தே எழுதும். அதனால் ஓட்டத்துக்கு ஒரு கோப்பு கொடுங்கள்.

படி 3: கழித்தல்

முதல் ஓட்டத்தில் ஓடிய ஃபங்ஷன்களிலிருந்து இரண்டாவதில் ஓடியவற்றை நீக்குங்கள். மென்பொருள் ஆய்வாளர்கள் நார்மன் வைல்டும் மைக்கேல் ஸ்கல்லியும் 1995-இல் ‘சாஃப்ட்வேர் ரெகானசன்ஸ்’, அதாவது வேவு பார்த்தல், என்று எழுதிய முறை இதுதான்.

படி 4: இயக்கநேர மாதிரி

மிஞ்சிய பட்டியலில் பெயர்கள் இருக்கும், உறவு இருக்காது. அந்த ஃபங்ஷன்கள் ஒவ்வொன்றின் முதல் வரியிலும் ‘எந்த ஆப்ஜெக்ட், யார் அழைத்தது’ என்று லாக் எழுத வையுங்கள். அப்புறம் ஆப்ஜெக்டுக்கு ஒரு கட்டம், அழைப்புக்கு ஒரு அம்பு என்று வரையுங்கள். நம் செயலியில் ‘ஏற்றுமதி’யிலிருந்து ‘பக்க அமைப்பு’க்கு அம்பு போகிறது. ‘அடிக்குறிப்பு’ என்ற கட்டமும் உருவாகியிருக்கிறது; ஆனால் உருவாக்கியதற்குப் பிறகு அதை நோக்கி ஒரு அம்புகூட இல்லை. பக்க எண்ணை அச்சிட வேண்டியதை யாருமே அழைக்கவில்லை!

படி 5: சரிபார்த்தல்

‘பக்க அமைப்பு’க்குள் பிரேக்பாயிண்ட் (நிரல் வந்து நிற்க வேண்டிய இடத்தின் குறி) வைத்து இரண்டு ஓட்டங்களையும் மறுபடி ஓட்டுங்கள். பிடிஎஃப் ஓட்டத்தில் மட்டும் நிற்க வேண்டும். ஒன்றில் கவனம் தேவை: இரண்டு ஓட்டங்களுக்கும் பொதுவான கோட் கழித்தலிலேயே காணாமல் போயிருக்கும். பக்கங்களை எண்ணும் ஃபங்ஷனும் அப்படிப் போயிருக்கலாம். ஆகவே திருத்துவதற்கு முன் ‘பக்க அமைப்பு’ எதையெல்லாம் அழைக்கிறது என்று அதன் கோட் உள்ள கோப்பைத் திறந்து ஒருமுறை படித்துவிடுங்கள்.