சிறிய வீட்டை வெளிப்புறத்தோடு இணைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

வீடு சின்னதாக இருக்கிறதென்றால் எல்லாரும் சொல்லும் முதல் யோசனை, பெரிய ஜன்னல் வை என்பதுதான். ஆனால் ஜன்னல் பெரிதானால் மட்டும் அறை பெரிதாகத் தெரியாது. உள்ளே உட்கார்ந்திருப்பவரின் பார்வை தடையில்லாமல் எவ்வளவு தூரம் போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பலரும் நின்றபடியே ஜன்னலின் உயரத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். வீட்டில் பெரும்பாலான நேரம் நாம் உட்கார்ந்துதான் இருக்கிறோம். அப்போது கண் தரையிலிருந்து சுமார் 115 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஜன்னலுக்குக் கீழே 90 செ.மீ. சுவர் இருந்தால், 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு வெளியே சுமார் 7 மீட்டர் வரை தரை தெரியாது. சின்னத் தோட்டம் முழுக்க அதற்குள் மறைந்துவிடும். அதே சுவரை 45 செ.மீ.க்கு இறக்கினால், ஒன்றேகால் மீட்டரிலேயே மண் கண்ணில் படும். மாடி வீடாக இருந்தால் உறுதியான கம்பி போடாமல் இப்படி இறக்கவே கூடாது.

இறக்கிய ஜன்னலுக்கு முன்னால் உயரமான சோபாவைப் போட்டால் செய்த வேலை வீண். பால்கனியின் கைப்பிடி நெடுகச் செடித்தொட்டிகளை நெருக்கி வைப்பதும் அப்படித்தான். பச்சை நிறத்தில் இன்னொரு சுவர் எழும்பிவிடும். செடிகளை ஓரங்களுக்கு ஒதுக்கி, நடுவைத் திறந்து விடுங்கள். இருப்பதில் உயரமான செடியைக் கடைசி மூலையில் வையுங்கள். கண் அதுவரை போய்வரும்.

இரவை யாரும் யோசிப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது. உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு என்றால் கண்ணாடியில் நம் அறைதான் தெரியும். பகலில் கிடைத்த இடமெல்லாம் ஆறு மணிக்கு மேல் காணாமல் போய்விடும். வெளியே, செடியையோ எதிர்ச்சுவரையோ பார்த்தபடி சிறிய விளக்கு ஒன்று போதும். அது வீட்டைப் பார்த்து இருக்கக்கூடாது, கண் கூசும். உள்ளே வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளும் வெளியும் தரை ஒரே நிறத்தில் ஓடினால் அழகுதான். அதற்காக வழவழப்பான டைல்ஸையே வெளியேயும் பதித்தால் மழையில் வழுக்கும். அதே நிறத்தில் சொரசொரப்பானதாகத் தேடி வாங்குங்கள். வாசற்படியை எடுத்துவிட்டு ஒரே மட்டமாக்குபவர்கள் வெளித்தரைக்கு வீட்டைவிட்டு விலகிச் சரியும்படி மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வாட்டம் கொடுத்து, கதவையொட்டித் தண்ணீர் வடியவும் வழி செய்ய வேண்டும். இல்லையென்றால் மழைத்தண்ணீர் உள்ளேதான் வரும்.

அப்புறம், திரைச்சீலைக் கம்பி. ஜன்னல் அகலத்துக்கே வெட்டினால், ஒதுக்கிய துணி கண்ணாடியில் ஒரு பகுதியை மூடிக்கொள்ளும். இரண்டு பக்கமும் 20 செ.மீ.யாவது நீட்டி மாட்டுங்கள். கொசுவலை வாங்கும்போது வெள்ளை வேண்டாம், கறுப்பு எடுங்கள். வெள்ளை வலை வெயிலில் பளிச்சென்று தெரிந்து பின்னால் இருப்பதை மறைத்துவிடும்.