அண்டி ஆபீஸில் புது மேஸ்திரிமார் செய்யும் தவறுகள்

எங்கள் பக்கம் முந்திரி ஆலையை அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதில்தான் எரிகிறது. எங்கள் ஆபீஸில் சமீபத்தில் இரண்டு பையன்கள் மேஸ்திரியாகச் சேர்ந்தார்கள். இருபது வருடத்துக்கு முன் நான் அடித்த கூத்தை அப்படியே அடிக்கிறார்கள். எடைக் கணக்கு எழுத மறப்பது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் ஒரே வாரத்தில் முதலாளி திருத்திவிடுவார்.

உடைசல் கூடினால் கடைசி ஆளைப் பிடிப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

ஓர் இடவப்பாதி மழைக்காலம். பருப்பின் தோலை உரிக்கும் பீலிங்கில் முழுப் பருப்பு குறைந்து உடைசல் ஏறிக்கொண்டே போனது. முழுப் பருப்பு உடைந்தால் விலையும் உடைந்த மாதிரிதான். நான் நேராகப் போய், நாற்பது பேர் பார்க்க, ஓர் அக்காவின் தட்டை அவர் முன்னாலேயே கவிழ்த்து, "இது பருப்பா, ரவையா?" என்று கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து உடைசல் குறைந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாரக் கடைசியில் உரித்த தோல் போடும் சாக்கைத் தூக்கினேன். ஒரு கையால் தூக்குகிற சாக்கு. அன்றைக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் தோலுக்குள் நொறுங்கின பருப்பு.

அப்புறம்தான் பருப்பை உலர்த்தும் சூட்டறையான போர்மா பக்கம் போனேன். பருப்பை 70 டிகிரி அளவுச் சூட்டில் ஆறு முதல் எட்டு மணி நேரம் உலர்த்த வேண்டும். எல்லாத் தட்டுக்கும் சூடு ஒரே மாதிரி படாது என்பதால் இடையில் தட்டுகளை இடம் மாற்ற வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் தோல் கழலாது. அதிகம் காய்ந்தால் விரல் பட்டாலே நொறுங்கும். மழையில் உலர நேரமாகிறது என்று போர்மாக்காரர் தீயைக் கூட்டியிருக்கிறார், தட்டு மாற்றவுமில்லை. ஏன் அவசரம்? "பீலிங்கில் ஆள் சும்மா இருக்காங்க, சீக்கிரம் இறக்குங்க அண்ணே" என்று தினமும் அவரை விரட்டியது நான்தான்.

அந்த அக்காவிடம் பிறகு கேட்டேன். "தட்டை எடுக்கும்போதே தெரியும் மக்ளே. ஒனக்கிட்ட ஆரு சொல்லுவா?" என்றார்.

இப்போது உடைசல் கூடினால் போர்மாக்காரரையும் பீலிங் அக்கா ஒருவரையும் ஒரே தட்டின் முன்னால் நிறுத்துவேன். யார் உடைத்தது என்று கேட்பதில்லை, பருப்பு எப்படி வந்தது என்று கேட்பேன். பாதி நேரம் நான் வாய் திறக்கும் முன்பே அவர்களுக்குள் பேசி முடித்துவிடுகிறார்கள். போன வாரம் புதுப் பையன் ஒருவன் தட்டைக் கவிழ்க்கப் போனான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரே ஆளின் கண்ணை நம்புவது

முழுப் பருப்பை அளவு பார்த்துத் தரம் பிரிப்பதுதான் கிரேடிங். டபிள்யூ 240 என்ற தரம் என்றால் ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 220 முதல் 240 பருப்பு. டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320. எண்ணிப் பார்க்காமலே பிரிக்கும் கண் சிலருக்குத்தான் உண்டு. எங்களிடம் அப்படி ஒருவர் இருந்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டார், டின் அடைப்பு நின்றது. இப்போது மாதம் இரண்டு நாள் அவர் பக்கத்தில் வேறொருவரை உட்கார வைக்கிறோம். முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை, உண்மைதான்.

அண்டியின் ஓடு உடைக்கிறவர்களை எடையால் மட்டும் அளப்பது

கிலோவுக்குத்தான் காசு என்றால் கிலோதான் வரும். முழுசாக வந்ததையும் சேர்த்து எண்ணுங்கள்.

சொந்தக்காரரை கிரேடிங்கில் உட்கார வைப்பது

வேண்டாம்.

வாட்ஸாப் குரூப்பில் வேலை சொல்வது

கையெல்லாம் அண்டி எண்ணெய். போனை யார் தொடுவார்கள்? நடந்து போய்ச் சொல்லுங்கள்.