டைமும் ரேட்டும்: ரேஸ் புக்கில் பலரும் சறுக்கும் இடங்கள்

வியாசர்பாடியிலோ வண்ணாரப்பேட்டையிலோ டீக்கடை பெஞ்சில் ரேஸ் புக்கை (குதிரைப் பந்தய விவரப் புத்தகம்) விரித்தால், கண் முதலில் போவது டைமுக்குத்தான். 1200 மீட்டரை 1 நிமிடம் 13 வினாடியில் ஓடிய குதிரை, 1-14 ஓடியதைவிட வேகம் என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த டைம் எந்தத் தரையில் வந்தது என்று பார்ப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஊறிவிட்டால் எல்லாக் குதிரைக்கும் டைம் கூடும். அன்று நடந்த மற்ற பந்தயங்களையும் எடுங்கள். அந்தந்தத் தூரத்துக்கும் கிளாஸுக்கும் (குதிரைகளின் தரப் பிரிவு) வழக்கமாக வரும் டைமோடு ஒப்பிடுங்கள். எல்லாமே ஒன்றரை வினாடி தாமதமென்றால் அது தரையின் கணக்கு. கழித்துப் பார்த்தால் 1-14 என்பது 1-12.5 ஆகிறது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆண்ட்ரூ பேயர் 1970களில் பிரபலமாக்கிய ஸ்பீடு ஃபிகருக்கும் (தரையைக் கணக்கில் எடுத்துக் குதிரையின் வேகத்துக்குத் தரும் எண்) இதுதான் அடிப்படை. கிண்டி டைமை பெங்களூரு டைமோடு நேராக ஒப்பிடுவதும் இதே தப்புதான்.

பந்தயத்தின் டைம் ஜெயித்த குதிரையுடையது. பின்னால் வந்ததற்கு, வினாடிக்கு ஏறக்குறைய ஆறு லென்த் (ஒரு லென்த் என்பது ஒரு குதிரையின் நீளம்) என்று கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று லென்த் தோல்வி என்றால் அரை வினாடி. 1600 மீட்டரில் ஆரம்பத்தில் எல்லாரும் இழுத்துப் பிடித்து ஓட்டினால் மொத்த டைம் மோசமாகத்தான் வரும். அங்கே கடைசி 400 மீட்டரைப் பார்க்க வேண்டும். காலைப் பயிற்சி டைமை நம்பிப் பணம் வைப்பவர்களுக்கு ஒரு கேள்வி: மேலே உட்கார்ந்திருந்தவர் எத்தனை கிலோ?

அடுத்தது ரேட், அதாவது ஜெயித்தால் கைக்கு எவ்வளவு வரும் என்பது. புக்கியிடம் (ரேட் சொல்லி பெட் வாங்குபவர்) டிக்கெட் வாங்கும்போது சொன்ன ரேட்டே உங்கள் ரேட். டோட்டில் (எல்லாரும் கட்டிய பணத்தைச் சேர்த்து, பிடித்தம் போக ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் முறை) அப்படியில்லை, போர்டில் தெரிவது அந்த நிமிடத்து நிலவரம் மட்டும். மொத்தம் 1,00,000 ரூபாய் சேர்ந்து, பிடித்தம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 80,000. உங்கள் குதிரை மேல் 20,000 இருந்தால் 10 ரூபாய்க்கு 40 காட்டும். பெட்டிங் மூடும் நேரத்தில் அதே குதிரை மேல் இன்னொரு 20,000 விழுந்தால்? மொத்தம் 1,20,000, பிடித்தம் போக 96,000. அதை 40,000 பங்கு போடுகிறது. கைக்கு வருவது 24.

இதோடு வரி இருக்கிறது. ஜிஎஸ்டி 2023 அக்டோபரிலிருந்து பந்தயத் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் 40. ஆக 10 ரூபாய் டிக்கெட்டுக்கு 14 ரூபாய் செலவு. ஹாட் ஃபேவரிட் (பலரும் பணம் கட்டிய குதிரை) ஜெயித்து 13 கொடுத்தால், குதிரை ஜெயித்தும் நமக்கு ஒரு ரூபாய் நஷ்டம்! நாலில் ஒரு தடவை ஜெயிக்கும் என்று நீங்கள் நினைக்கும் குதிரைக்கு 40 போதாது, 56 வந்தால்தான் கட்டுப்படியாகும். வரி இல்லை என்று ஃபோனில் பெட் பிடிக்கும் ஆட்களிடம் போவது சட்டவிரோதம். அவர்கள் பணம் தராவிட்டால் எங்கேயும் புகார் கொடுக்க முடியாது.

கடைசி நேரத்தில் ரேட் இறங்கினால் 'ஸ்டேபிள் பணம்' (குதிரை லாயத்து ஆட்களே கட்டும் பணம்) என்று பின்னால் ஓடுவது பெரிய தப்பு. சின்ன பூலில் (டோட்டில் சேர்ந்த மொத்தப் பணம்) ஒரே ஆளின் ஐயாயிரம் ரூபாய்கூட ரேட்டை இறக்கிவிடும். ஒரு குதிரை விலகினாலும் அதன் பணம் திருப்பித் தரப்பட்டு மற்றவற்றின் ரேட் தானாக இறங்கும். அதனால் ரேட் ஆடும்போது முதலில் விலகல் அறிவிப்பு, பிறகு பூலின் மொத்தத் தொகை என்று பாருங்கள். நல்ல டைம் ஊருக்கே தெரிந்து ரேட்டும் விழுந்துவிட்டால், அந்தப் பந்தயத்தை விட்டுவிடலாம்.